டெக்சாஸ் சிறைகளில் பாலியல் குற்றவாளிப் பதிவு: விடுதலைக்கு முன் சிறை அதிகாரி செய்ய வேண்டியவை, வரிசைப்படி

டெக்சாஸில் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டு வேலை, அதாவது அவர்கள் யார், எங்கே வசிக்கிறார்கள் என்று காவல்துறையிடம் பதிந்து வைக்கும் வேலை, காவல் நிலையத்தில் தொடங்குவதில்லை. அது சிறைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. மாநிலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 62ஆம் அத்தியாயம், குறிப்பாக 62.053ஆவது பிரிவு, அந்தப் பொறுப்பைச் சிறை அதிகாரியிடம் கொடுத்திருக்கிறது. கைதி வாசலைத் தாண்டும்போது அவருடைய படிவம் நிரம்பியிருக்க வேண்டும், ஆபத்து நிலை (சமூகத்துக்கு அவரால் வரக்கூடிய ஆபத்தின் அளவு) குறிக்கப்பட்டிருக்க வேண்டும், தாள்கள் உரிய அலுவலகங்களுக்குப் போயிருக்க வேண்டும்.

சிறைப் பதிவுப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள் இதை விடுதலை நாளன்று செய்யும் கையெழுத்து வேலையாக நினைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நினைப்பிலிருந்து வந்தவைதான். படிகளின் வரிசை முக்கியம். முகவரி தெரியாமல் படிவத்தை யாருக்கு அனுப்புவது என்று தெரியாது. விடுதலைத் தேதி தெரியாமல் ஆபத்து நிலையைச் சரியாகக் கணக்கிட முடியாது.

சிறை ஊழியர்களுக்கும் வழக்கறிஞர் அலுவலகங்களில் கோப்பு பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடிப் பிரிவுகளைத் திருத்துவது வழக்கம். ஆகவே இதைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையில் இறங்கும்போது சட்டத்தின் நடப்பு வாசகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

ஒவ்வொரு மாநிலத்தின் கெடுவும் வேறு. கலிஃபோர்னியாவில் பெருங்குற்றத் தீர்ப்பு என்றால் விடுதலைக்கு 45 நாள் முன்பே படிவத்தின் பிரதிகள் போக வேண்டும். நியூயார்க்கில் கைதியிடம் 15 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். டெக்சாஸில் படிவம் விடுதலைக்கு முந்தைய ஏழாவது நாள் புறப்பட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வேறு மாநிலத்துச் சரிபார்ப்புப் பட்டியலை அச்சடித்து மேசையில் ஒட்டி வைப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இவற்றுக்கு மேலே கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2006இல் வந்த அது சோர்னா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. விடுதலைக்குச் சற்று முன், உரிய அதிகாரி கைதியிடம் கடமைகளை விளக்க வேண்டும், விளக்கியதாகக் கையொப்பம் வாங்க வேண்டும், அவர் பதிவாகிவிட்டதை உறுதி செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. கூட்டாட்சிச் சிறைகளுக்குத் தனி விதியும் உண்டு: வசிக்கப் போகும் இடம் தெரிந்திருந்தால், குறைந்தது ஐந்து நாள் முன்பே அந்த ஊரின் காவல்துறைத் தலைமைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அறிவிப்பு போக வேண்டும். கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறையில் வேலை செய்பவருக்கு அந்த ஐந்து நாள் கணக்கு பொருந்தாது.

இனி இங்கே சொல்லப்போவது முழுக்க டெக்சாஸ் நடைமுறை. மாநிலக் குற்றவியல் நீதித் துறையின் சிறைகள், ஒப்பந்த அடிப்படையில் அத்துறைக்காகத் தனியார் நடத்தும் சிறைகள், சிறார் காப்பகங்கள், கவுன்டி சிறைகள் எல்லாமே இந்த அத்தியாயத்தின் பார்வையில் ‘தண்டனை நிறுவனம்’தான். “பெரிய சிறைதான் செய்ய வேண்டும், நாங்கள் வெறும் கவுன்டி சிறை” என்ற பேச்சுக்கு இடமில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தீர்ப்பின் முழுப் பிரதி, குற்றப்பத்திரிகை, மாநில அளவிலும் நாடு தழுவிய அளவிலும் எடுத்த குற்ற வரலாறு, விடுதலைத் தேதிக் கணக்கு, பரோல் அல்லது நன்னடத்தைக் கண்காணிப்பு ஆணை இருந்தால் அதன் பிரதி. இவை ஐந்தும் இல்லாமல் உட்காராதீர்கள்.

தீர்ப்பின் முதல் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கோப்பில் வைத்திருப்பார்கள். அது போதாது. பாதிக்கப்பட்டவரின் வயது குறித்த நீதிமன்றத்தின் முடிவு பின்பக்கங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். அடுத்த படியே அந்த ஒரு வரியைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

3. யார் பதிவுக்கு உட்பட்டவர் என்று கண்டறியுங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. எல்லாப் படிகளிலும் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான்.

முதல் தவறு, இப்போதைய வழக்கை மட்டும் பார்ப்பது. ஒருவர் கார் திருட்டுக்காக உள்ளே இருக்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுவர் மீதான பாலியல் குற்றத்தில் தண்டனை கிடைத்திருக்கலாம். விடுதலையாகும்போது அவர் பதிவுக்கு உட்பட்டவர் என்றால் சிறையின் கடமையும் உண்டு. எந்தக் குற்றத்துக்காக இப்போது அடைக்கப்பட்டார் என்பது பொருட்டல்ல. 1970 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் அனைத்தும் கணக்கில் வரும். ஆகவே குற்ற வரலாற்றின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

இரண்டாவது தவறு, குற்றத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பது. ஆள் கடத்தல், சட்டவிரோதமாகத் தடுத்து வைத்தல் ஆகியவை பெயரளவில் பாலியல் குற்றங்கள் அல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவர் 17 வயதுக்குக் குறைந்தவர் என்று தீர்ப்பில் நீதிமன்றம் பதிந்திருந்தால் அவையும் பதிவுக்கு உரியவை. பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு வீடு புகுந்தது சில சூழல்களில் இந்தப் பட்டியலில் வரும். மறுபக்கம், பொது இடத்தில் ஆபாசமாக உடல் காட்டும் குற்றம் முதல் முறையே ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றிவிடாது. இரண்டாவது முறைதான் ஏற்றும். அதிலும் இரண்டாவது வழக்கு, தீர்ப்பைத் தள்ளிவைக்கும் முறையில் முடிந்திருந்தால் கணக்கில் வராது. பெயரை மட்டும் பார்ப்பவர் இந்த இரண்டு பக்கமும் சறுக்குவார்.

மூன்றாவது தவறு, “தண்டனையே கிடைக்கவில்லையே” என்று விட்டுவிடுவது. குற்ற ஒப்புதலை ஏற்றுக்கொண்டு, தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் அனுப்பும் முறைக்கு டெஃபர்ட் அட்ஜுடிகேஷன் என்று பெயர். இப்படி முடிந்த வழக்குகளும், மேலே சொன்ன விதிவிலக்கைத் தவிர்த்து, பதிவுக்கு உரியவையே. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதும் பதிவைத் தடுக்காது.

மன்னிப்பு ஆணை பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுநர் மன்னித்துவிட்டார் என்று தாளைக் காட்டினால் புதியவர்கள் பெயரை அடித்துவிடுவார்கள். வெறும் மன்னிப்பு போதாது. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகியிருக்க வேண்டும், அல்லது குற்றமற்றவர் என்பதற்குப் பின்னர் கிடைத்த சான்றின் அடிப்படையில் மன்னிப்பு வந்திருக்க வேண்டும். அப்போதுதான் கடமை முடிகிறது.

வேறு மாநிலத்திலோ, ராணுவ நீதிமன்றத்திலோ, வேறு நாட்டிலோ தீர்ப்பு வந்திருந்தால், அந்தக் குற்றக்கூறுகள் டெக்சாஸ் குற்றத்தோடு கணிசமாக ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பார்ப்பவர் நீங்கள் அல்ல. அந்த முடிவு மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையின் வேலை. இந்தியாவில் போக்சோ சட்டத்தின் கீழ் தண்டனை பெற்ற ஒருவரின் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால், இரண்டு சட்டங்களையும் நீங்களே ஒப்பிட்டு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ எழுதிவிடாதீர்கள். தீர்ப்பையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் துறைக்கு அனுப்பிக் கேளுங்கள். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் இந்தப் படி இவ்வளவு முன்னால் வருகிறது.

சிறார் வழக்குகளில் நீதிமன்றம் பதிவிலிருந்து விலக்கு அளித்திருக்கலாம், அல்லது அந்த முடிவைப் பிறகு எடுப்பதாகத் தள்ளியிருக்கலாம். ஆணை கோப்பில் இல்லையென்றால் நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள். விலக்குப் பெற்ற ஒரு சிறுவனின் பெயர் பொதுத் தளத்தில் (பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கும் இணையதளம்) ஏறிவிட்டால், பின்னால் எடுத்தாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

4. விடுதலைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

விடுதலைக்கு முந்தைய ஏழாவது நாள் படிவம் அனுப்பும் நாள். அந்த நாளில் வேலையைத் தொடங்கினால் முடியாது. அன்று அனுப்பி முடித்திருக்க வேண்டும்.

நாள்காட்டியில் முதலில் அனுப்பும் நாளைக் குறியுங்கள். அதற்கு முன்னால் கைதியோடு உட்காரும் நாள், அதற்கும் முன்னால் ஆபத்து நிலை மதிப்பீடு, எல்லாவற்றுக்கும் முன்னால் முகவரிச் சரிபார்ப்பு என்று பின்னோக்கி வாருங்கள். மாநிலச் சிறை என்றால் இதற்குப் பல வாரங்கள் கிடைக்கும். கவுன்டி சிறையில் கிடைக்காது. அங்கே தீர்ப்பு வந்து ஆள் உள்ளே நுழையும் நாளிலேயே படி 3ஐ முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒருவரைக் கவுன்டி சிறையிலிருந்து மாநிலச் சிறைக்கு அனுப்புவதை விடுதலையாக எண்ணாதீர்கள். அது இடமாற்றம். நன்னடத்தைக் கழிவு நாட்கள் கூடிக் குறைவதால் விடுதலைத் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். தேதி மாறும்போதெல்லாம் பதிவுப் பிரிவுக்குத் தகவல் வரும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு முறை அச்சடித்த பட்டியலை நம்பி உட்கார்ந்திருப்பவருக்குக் கெடு போன பிறகுதான் விஷயம் தெரியும்.

5. முகவரி: எங்கே தங்கப் போகிறார்?

சட்டம் கேட்பது அவர் வசிக்கப் போவதாக எதிர்பார்க்கும் முகவரியை. தபால் பெட்டி எண் முகவரி ஆகாது. “அம்மா வீடு” என்று சொன்னால் தெருவும் எண்ணும் வாங்கி, அங்கே அவரை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்ளாத வீட்டின் முகவரியைப் போட்டு அனுப்பினால் வெளியே வந்த முதல் வாரத்திலேயே அவர் சிக்கலில் மாட்டுவார்.

வீடே இல்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. தங்கப் போகும் ஒவ்வோர் இடத்தையும் விவரமாக விவரிக்க வேண்டும். ‘வீடற்றவர்’ என்ற ஒற்றைச் சொல் விவரிப்பு ஆகாது. இன்ன நெடுஞ்சாலை இன்ன தெருவைக் கடக்கும் மேம்பாலத்தின் கீழ், தெற்குப் பக்கம் என்று எழுதினால்தான் போகும் காவலர் கண்டுபிடிப்பார்.

அடுத்தது, அந்த முகவரி யாருடைய எல்லையில் இருக்கிறது என்பது. நகர எல்லைக்குள் என்றால் நகரக் காவல்துறைத் தலைவரின் அலுவலகம், வெளியே என்றால் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃபின் அலுவலகம். சில இடங்களில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே பதிவு அலுவலகம் இருக்கும். தபால் முகவரியில் ‘ஹூஸ்டன்’ என்று இருப்பதால் அது ஹூஸ்டன் நகர எல்லைக்குள் இருக்கிறது என்று பொருள் அல்ல. ஹாரிஸ் கவுன்டியில் ஹூஸ்டன் என்ற தபால் பெயரோடு எந்த நகராட்சியிலும் சேராத பெரும் பரப்பு இருக்கிறது. அங்கே உள்ள வீடு ஷெரிஃபின் எல்லை. தபால் குறியீட்டை நம்பாமல் நகர எல்லை வரைபடத்தில் தெரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன படிவம் அங்கேயே தூங்கும். விடுதலையானவர் சரியான அலுவலகத்தில் போய் நின்றால், “உங்கள் தாள் எதுவும் வரவில்லையே” என்பார்கள்.

பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் முகவரி என்றால் நின்று பாருங்கள். ஆபத்து நிலை ஒன்று என்று குறிக்கப்பட்டு, கல்வி நிறுவனமும் ஒப்புதல் தந்தால் மட்டுமே அங்கே வசிக்கலாம். பரோலில் போகிறவருக்குக் குழந்தைகள் கூடும் இடங்களிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். அது பதிவுச் சட்டத்தில் இருக்காது, பரோல் ஆணையில்தான் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நிபந்தனை எதுவும் இல்லாதவரிடம் “அங்கே குடியிருக்க முடியாது” என்று சொல்லி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். உள்ளூர் நகராட்சி விதிகள் தனி. அவற்றை அந்த ஊரில் கேட்க வேண்டும்.

6. ஆபத்து நிலை மதிப்பீடு

மாநிலக் குழு தேர்ந்தெடுத்த மதிப்பீட்டுக் கருவியைக் கொண்டு மாநிலக் குற்றவியல் நீதித் துறையோ சிறார் நீதித் துறையோ ஒன்று, இரண்டு, மூன்று என ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்த ஆபத்து, மூன்று அதிகம். வயது வந்த ஆண்களுக்கு ஸ்டாடிக்-99ஆர் என்ற கருவி பயன்படுகிறது. அதில் பத்துக் கேள்விகள். பயிற்சி பெற்றவர்தான் மதிப்பெண் போட வேண்டும். பதிவுப் பிரிவில் கணினி தெரிந்த யாரோ ஒருவர் போடும் வேலை அல்ல.

முதல் கேள்வியே வயது. இன்றைய வயதை அது கேட்கவில்லை, விடுதலையாகும் அன்றைய வயதைக் கேட்கிறது. 35, 40, 60 ஆகிய வயதுகளில் மதிப்பெண் மாறுகிறது. 60 நிறைந்தவருக்கு இந்தக் கேள்வியில் மூன்று மதிப்பெண் கழிக்கப்படும். மதிப்பிடும் நாளில் 59 வயது, விடுதலைக்கு முன் பிறந்தநாள் வருகிறது என்றால், இன்றைய வயதைப் போட்டவர் அவரை ஒரு நிலை உயர்த்திக் காட்டிவிட வாய்ப்பு உண்டு. படி 4 இதற்கு முன்னால் வர வேண்டியதன் காரணம் இதுதான். தேதி நகர்ந்தால் மதிப்பெண்ணையும் மறுபடி பாருங்கள்.

இந்த எண் வெறும் குறிப்பு அல்ல. நிலை மூன்று என்று போனால், பொதுப் பாதுகாப்புத் துறை அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தபாலில் அறிவிப்பு அனுப்பும். மனைகளாகப் பிரிக்கப்பட்ட பகுதியில் மூன்று பிளாக் (தெருக்களுக்கு இடைப்பட்ட வீட்டுத் தொகுதி) சுற்றளவு, பிரிக்கப்படாத இடத்தில் ஒரு மைல் சுற்றளவு. ஒரு கூட்டல் பிழை ஊர் முழுக்கத் தபாலாகப் போகும்.

எண் பொருத்தமாக இல்லை என்று தோன்றினால் மாற்ற முடியுமா? முடியும், ஆனால் எல்லாராலும் அல்ல. மாநில மதிப்பீட்டுக் குழு, மாநிலக் குற்றவியல் நீதித் துறை, சிறார் நீதித் துறை, நீதிமன்றம் ஆகியவற்றுக்குத்தான் அந்த அதிகாரம். மாற்றினால் காரணத்தைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். கவுன்டி சிறையின் மேற்பார்வையாளர் பேனாவால் அடித்துத் திருத்தும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை.

7. படிவம், படம், கைரேகை

படிவத்தை நிரப்ப வேண்டியவர் சிறை அதிகாரி. கைதியிடம் கொடுத்து “நிரப்பித் தாருங்கள்” என்று விட்டுவிடுவது தவறு. பெயர், மாற்றுப் பெயர்கள், பிறந்த தேதி, உயரம், எடை, கண், முடி நிறம், சமூகப் பாதுகாப்பு எண், ஓட்டுநர் உரிம எண் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. காலணி அளவும் கேட்கப்படும். சிரிக்காதீர்கள், சட்டத்திலேயே இருக்கிறது. விடுபடும் கட்டங்களில் அதற்குத்தான் முதலிடம்.

சொந்த வண்டியின் விவரங்களும் இணையத்தில் பயன்படுத்தும் மின்னஞ்சல், கணக்குப் பெயர்களும் வேண்டும். பல ஆண்டுகள் உள்ளே இருந்தவருக்குப் பழைய கணக்குகள் நினைவிருக்காது. நினைவிருப்பதை எழுதிவிட்டு, வெளியே போய்ப் புதிதாகத் தொடங்கும் கணக்கையும் தெரிவிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாதிக்கப்பட்டவரின் வயது, தீர்ப்புத் தேதி, தண்டனை, எந்த வகையில் வெளியே போகிறார் ஆகியவற்றைத் தீர்ப்பைப் பார்த்து எழுதுங்கள், கைதியின் வாய்மொழியை வைத்து எழுதாதீர்கள். படிவத்தைப் பெறும் காவல்துறை இவற்றைச் சரிபார்க்கும். பள்ளிகளுக்கு அறிவிப்பு போக வேண்டுமா என்பதும் பாதிக்கப்பட்டவரின் வயதைப் பொறுத்ததே.

படம் அண்மையில் எடுத்த வண்ணப் படமாக இருக்க வேண்டும். உள்ளே வந்த நாளில் எடுத்த படத்தை ஒட்டுவது சோம்பேறித்தனம். தாடியும் முப்பது கிலோவும் கூடிக் குறைந்த பிறகு அந்தப் படத்தால் யாருக்கும் பயனில்லை. கைரேகை முழுத் தொகுப்பாக வேண்டும்.

8. உட்கார்ந்து எடுத்துச்சொல்லுங்கள்

1957இல் லாம்பர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பதிவு செய்யும் கடமை இருப்பதே தெரியாத ஒருவரைப் பதிவு செய்யாததற்காகத் தண்டிக்க முடியாது என்றது. “தெரியாது” என்ற வாதம் எழும்போது இந்தச் சந்திப்பும் அடுத்த படியின் தாளும்தான் பதில். பத்துப் பேரை வரிசையில் நிறுத்தி ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பதில் நீதிமன்றத்தில் நிற்காது.

சொல்ல வேண்டியவை இவை. விடுதலையான ஏழாவது நாளுக்குள், அல்லது உள்ளூர் அலுவலகம் தன் நடைமுறைப்படி அனுமதிக்கும் முதல் நாளில், இரண்டில் எது பிந்தையதோ அதற்குள் நேரில் போக வேண்டும். சொன்ன இடத்துக்குக் குடிபோகவில்லை என்றால் அதையும் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பின்னால் வீடு மாறுவதென்றால் மாறுவதற்கு ஏழு நாள் முன்பே நேரில் சொல்ல வேண்டும், மாறிய பிறகு புதிய இடத்தில் ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். வேறு மாநிலம் என்றால் போய்ச் சேர்ந்த பத்தாவது நாளுக்குள். ஓட்டுநர் உரிமம் அல்லது அடையாள அட்டைக்கு முப்பது நாளுக்குள் நேரில் விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் இருக்கும் உரிமம் தானாகவே ரத்தாகும். வேலை, பெயர், இணையக் கணக்கு போன்றவற்றில் வரும் மாற்றங்களைத் தெரிவிக்க வேண்டும்.

பதினான்கு வயதுக்குக் குறைந்தவர் மீது கடுமையான பாலியல் குற்றம் செய்தவருக்குச் சில வேலைகள் தடை: பஸ், டாக்சி ஓட்டுவது, பொழுதுபோக்கு ராட்டினங்களை இயக்குவது, கண்காணிப்பின்றி வீடுகளுக்குள் போய்ச் செய்யும் சேவை வேலைகள். வெளியே போனதும் முதலில் கிடைக்கக்கூடியவை இவைதான் என்பதால், இதை வாசித்து நகராமல், அவர் என்ன வேலை தேடப் போகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மேலும், கூட்டாட்சிச் சட்டத்தின்படி முகவரி, வேலை, பெயர் மாற்றங்களுக்கு மூன்று வேலை நாட்கள்தான் கெடு. மாநிலம் தாண்டிப் போய்ப் பதியாமல் இருந்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பத்து ஆண்டு வரை சிறை. “டெக்சாஸில் ஏழு நாள்” என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பக்கத்து மாநிலமான லூசியானாவுக்குப் போகிறவர் மாட்டிக்கொள்வது இதில்தான்.

எவ்வளவு காலம் என்ற கேள்வியை எல்லாரும் கேட்பார்கள். குற்றத்தைப் பொறுத்து வாழ்நாள் முழுக்க, அல்லது தண்டனையும் கண்காணிப்பும் முடிந்த பிறகு பத்து ஆண்டு. ஆண்டுக்கு ஒரு முறை பிறந்தநாளை ஒட்டிப் போய்ச் சரிபார்க்க வேண்டும். கடுமையான பாலியல் குற்றத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் தீர்ப்பு உள்ளவர் 90 நாளுக்கு ஒரு முறை. சரியான பதில் தெரியாமல் “பத்து வருஷம்தான், கவலைப்படாதீர்கள்” என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். இந்தப் பதிவுக் கடமைகளில் தவறுவதும் பெருங்குற்றம். யார் எந்த வகை என்பதைப் பொறுத்து மாநிலச் சிறைத் தண்டனை முதல் இரண்டாம் நிலைப் பெருங்குற்றம் வரை போகும்.

ஆங்கிலம் புரியாதவரிடம் ஆங்கிலத்தில் வாசிப்பது எடுத்துச்சொன்னது ஆகாது. ஸ்பானிஷுக்கு ஆள் இருப்பார்கள். தமிழோ வியட்நாமியமோ பேசுபவருக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பக்கத்து அறைக் கைதியை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். குற்றத்தின் விவரம் வெளியே போனால் உள்ளே அவருடைய உயிருக்கே ஆபத்து. தமிழ் பேசுபவரிடம் தேதிகளை எழுதிக் கொடுக்கும்போது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். அமெரிக்க முறையில் 5/9 என்றால் மே 9. நம் ஊர்ப் பழக்கத்தில் படிப்பவருக்கு அது செப்டம்பர் 5. குடியுரிமை இல்லாதவர், நாடு கடத்தப்படப் போகிறவர் என்பதற்காக இந்த அத்தியாயத்தில் விலக்கு எதுவும் இல்லை.

9. கையொப்பம்

விளக்கிய பிறகு, அறிவிக்கப்பட்டேன் என்ற எழுத்துமூல வாக்குமூலத்தில் கையொப்பம் வாங்குங்கள். விளக்குவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். தேதியும் நேரமும் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுத்தால்? மல்லுக்கட்டத் தேவையில்லை, மிரட்டவும் கூடாது. சட்டமே வழி வைத்திருக்கிறது: அவருக்கு அறிவிக்கப்பட்டது, அவர் கையொப்பமிட மறுத்தார் என்று அதிகாரி சான்றளித்தால் போதும். கையொப்பம் மறுத்ததற்காக விடுதலையை நிறுத்தி வைக்க முடியாது. யார் விளக்கினார், எந்த மொழியில், யார் மொழிபெயர்த்தார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மூன்று ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, நினைவை விட அந்த வரி உதவும். கைதியிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

10. அனுப்புங்கள்

நிரப்பிய படிவமும் ஆபத்து நிலை எண்ணும் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்: பொதுப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, படி 5இல் கண்டறிந்த உள்ளூர் அலுவலகத்துக்கு ஒன்று. வேறு மாநிலத்துக்குப் போகிறவர் என்றால், அந்த மாநிலத்தில் பதிவுக்கு உரியது என்று துறை அடையாளம் காட்டும் அலுவலகத்துக்கு.

துறைக்கு மின்னணு முறையில் ஏற்றிவிட்டால் எல்லாருக்கும் போய்விடும் என்று நினைத்து உள்ளூர் அலுவலகத்தை விட்டுவிடுகிறார்கள். படிவம் மட்டும் போய் ஆபத்து நிலை எண் விடுபடுவதும் நடக்கிறது. அனுப்பியதற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள்.

11. திடீர் விடுதலை

நீதிபதி காலையில் தண்டனை விதித்து, ஏற்கெனவே கழித்த நாட்களே போதும் என்பார். அன்று மாலையே ஆள் வெளியே. கவுன்டி சிறைகளில் இது அன்றாடம்.

ஏழு நாளுக்கும் குறைவான அவகாசத்தில் தகவல் வந்தால், தகவல் கிடைத்தவுடன் அனுப்ப வேண்டும் என்பதே விதி. அதாவது, நேரம் குறைவு என்பதற்காக எந்தப் படியும் ரத்தாகாது. வரிசை அதேதான், வேகம்தான் வேறு. இதற்காகவே, பதிவுக்கு உரிய குற்றச்சாட்டில் விசாரணைக் கைதியாக இருப்பவர்களின் கோப்பில் பாதி வேலையை முன்னரே செய்து வையுங்கள்: குற்ற வரலாறு, மாற்றுப் பெயர்கள், உத்தேச முகவரி, மொழி. தீர்ப்பு வந்ததும் எஞ்சுவது மதிப்பீடும் சந்திப்பும்தான். நீதிமன்றத்துக்குக் கைதிகளை அழைத்துப் போகும் காவலரிடம், இன்ன கைதிக்கு இன்று தீர்ப்பு வந்தால் தொலைபேசியில் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எந்த மென்பொருளையும் விட நன்றாக வேலை செய்கிறது.

12. வாசலுக்கு வெளியே

அடையாளத்தையும் வசிப்பிடத்தையும் சரிபார்ப்பது, பள்ளிகளுக்கு அறிவிப்பது உள்ளூர் காவல்துறையின் வேலை. அக்கம்பக்கத்துக்குத் தபால் அனுப்புவது பொதுப் பாதுகாப்புத் துறையின் வேலை. கைதியின் ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் விவரம் கேட்டால் அவர்களைப் பொதுத் தளத்துக்கு அனுப்புங்கள். சமூகப் பாதுகாப்பு எண், உரிம எண், இணையக் கணக்குகள் போன்றவை பொதுமக்களுக்கு உரியவை அல்ல. கோப்பைத் திறந்து வாசித்துவிடாதீர்கள்.

நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்யும் அதிகாரிகளுக்கு இந்த அத்தியாயம் சட்டப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஆள் போன பிறகு படிவம் அனுப்பப்படவில்லை என்று தெரியவந்தால் சிலர் செய்யும் ஒன்று அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடும்: பழைய தேதி போட்டுப் படிவத்தை நிரப்புவது. அரசு ஆவணத்தைத் திருத்துவது டெக்சாஸில் தனிக் குற்றம். இன்றைய தேதியிட்டு, தாமதம் என்று எழுதி, இரண்டு அலுவலகங்களுக்கும் உடனே அனுப்புங்கள். பரோலிலோ கண்காணிப்பிலோ இருந்தால் அவருடைய அதிகாரியிடமும் சொல்லுங்கள். சிறை தவறினாலும் பதிய வேண்டிய கடமை அவர் மேல் அப்படியே இருக்கிறது. கையில் தாள் இல்லாமல், ஏழாவது நாள் எது என்று தெரியாமல் அவர் எங்கோ இருப்பார். அவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு, அதையும் கோப்பில் எழுதுங்கள்.